லித்தியம் பேட்டரி மாட்டுவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

இருசக்கர வாகன மெக்கானிக்குகளுக்கும் பேட்டரிக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் பைக் வயரிங் வேலை பார்க்கிறவன். போன மழைக்காலத்தில் ஒரு பையன் வண்டியை நிறுத்திவிட்டு, "சீட்டுக்குக் கீழே ஒரு மாதிரி வாடை வருதுங்ணா" என்றான். சீட்டைக் கழற்றியதும் எனக்கும் அடித்தது. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி, லேசாக இனிப்பு கலந்த வாடை. பேட்டரிப் பெட்டியில் நீல பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு பொட்டலம்; கை வைக்க முடியாத சூடு. எர்த்தைக் கழற்றினேன், அடுத்து பாசிட்டிவ். மரப்பிடி இடுக்கியால் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் போட்டேன். மணல் போதாதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். மணல் மூடும், சூட்டை இறக்காது. சூட்டை இறக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

பிறகு பார்த்தால், உள்ளே லேப்டாப்பில் வருகிற 18650 செல்கள் ஒன்பது. மும்மூன்றாகச் சேர்த்து, மூன்று வரிசையைத் தொடராகக் கட்டியிருந்தார்கள். ஒரு செல்லின் தலை வெடித்துக் கருகியிருந்தது. கட்டிக் கொடுத்தவர் யார் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. கணக்குதான் தேவை. அந்த வகைச் செல்லுக்கு உச்சவரம்பு 4.2 வோல்ட். மூன்றுக்கு 12.6. பைக் ஓடும்போது சார்ஜிங் லைனில் வருவது 14.4 வரை. அப்படியானால் செல்லுக்கு 4.8. "பன்னிரண்டு வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி" என்று சொல்லியே விற்றிருக்கிறார்கள். பொய்யும் இல்லை பாருங்கள்!

லித்தியம் என்றாலே வெடிக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. என் சொந்த வண்டியில் இருப்பதே லித்தியம்தான். ஆனால் அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட், நான்கு செல், மொத்தம் 12.8. உச்சவரம்பு 14.6. பைக்கின் சார்ஜிங்கோடு ஒத்துப்போவது இந்த வகை. சூட்டையும் மற்ற பல வகைகளைவிட அதிகம் தாங்கும். மூன்று கிலோ இருந்த இடத்தில் ஒரு கிலோகூட வராது. டுகாட்டி பனிகாலே வி4 எஸ் போன்ற வண்டிகளுக்குக் கம்பெனியே லித்தியம் வைத்து அனுப்புகிறது. அங்கே சார்ஜிங்கும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பார்த்து அமைத்தவை. நம் கடைக்கு வருவது பதினைந்து வருடப் பழைய வண்டியும், நேற்று கூரியரில் வந்த பேட்டரியும்.

2022 மார்ச்சில் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தது நினைவிருக்கும். அந்த வருடம் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு மின்சார வண்டிப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை இறுக்கியது. ஒரு செல் பற்றினால் மொத்தப் பேட்டரியும் பற்றக்கூடாது, வெப்பம் ஏறினால் எச்சரிக்கை வரவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்லது. ஆனால் அது வண்டியை ஓட்டுகிற பேட்டரிக்கான விதி. பெட்ரோல் வண்டியில் செல்ஃப் எடுக்கவும் விளக்கு எரியவும் வைக்கிற சின்ன பேட்டரி அதற்குள் வராது. ஆக, நீலப் பொட்டலம் வண்டிக்குள் போகுமுன் அதைப் பார்க்கிற கடைசி ஆள் ஸ்பேனர் பிடித்திருக்கும் நீங்கள்தான். அதனால்தான் அமைச்சகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. லித்தியம் மாட்டுவதற்கு முன், இருக்கிற பழைய பேட்டரி நல்லதாக இருக்கும்போதே, டெர்மினலில் வோல்ட் மீட்டரை வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் ஒரு அளவு. நாலாயிரம் சுற்று வரை திருகி இன்னொரு அளவு. 14.6-ஐத் தாண்டினால் புது லித்தியத்தை மாட்டாமல் எடுத்து வையுங்கள். முதலில், சார்ஜிங் வோல்ட்டேஜை அளவோடு வைத்திருக்கிற ரெக்டிஃபையரைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஈய பேட்டரி நம்மை அவ்வளவு செல்லமாக வளர்த்துவிட்டது. ரெக்டிஃபையர் கெட்டு 15.8 வந்தாலும் அது தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சமாளிக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும், மூடியைச் சுற்றி வெள்ளை பூக்கும். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே நாமும் வருடத்தை ஓட்டிவிடுவோம். லித்தியத்தில் கொதிக்கத் தண்ணீர் இல்லை. உள்ளே செல்களைக் கண்காணித்துக் காக்கிற பி.எம்.எஸ். போர்டு இல்லாவிட்டால் செல் நேராக அடி வாங்கும். இருந்தால், போர்டு தொடர்பைத் துண்டிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஓடுகிற வண்டியில் பேட்டரி சட்டென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் மொத்த மின்சாரமும் பல்புக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற ஈ.சி.யூ. கணினிக்கும் போகும். ஒரு பழைய 350 சி.சி. பைக் இப்படித்தான் அவிநாசி ரோட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஹெட்லைட், மீட்டர் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் போய் நின்றது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரருக்குக் கோபம் மட்டும் பேட்டரி மேல்தான்.

அப்புறம் மீட்டர் காட்டும் எண்ணைப் படிப்பது. ஈய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டினால் ஃபுல் என்போம். அயர்ன் பாஸ்பேட் ஃபுல்லாக இருந்தால் 13.3 காட்டும். 12.8 காட்டினால் அது கிட்டத்தட்ட காலி! "பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு" என்று மோட்டாரைப் பிரித்த கடைகளை எனக்குத் தெரியும். ஒருமுறை நானும் பிரித்திருக்கிறேன். அதேபோல மேலே ஒட்டியிருக்கும் ஆம்பியர். 12 என்று போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஈயத்துக்கு இணையாக' என்று இருக்கும். உண்மையான கொள்ளளவு நான்கு சொச்சம்தான். செல்ஃப் அடிக்கத் தாராளமாகப் போதும். ஜி.பி.எஸ். டிராக்கரும் அலாரமும் வைத்த வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் போதாது. அப்படி 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப்போனதை ஜம்ப் கொடுத்து எழுப்பப் பார்க்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்து, திரும்ப சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். வரிசையாகப் பேட்டரிகளைத் தொடுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிற பழைய சார்ஜரும் இதற்கு ஆகாது. செத்த ஈய பேட்டரியை உயிர்ப்பிக்கிறேன் என்று 16 வோல்ட் துடிப்பு கொடுக்கிற சார்ஜர் அதைவிட மோசம்.

மாட்டும்போதும் ஒன்று. புது பேட்டரி சின்னது, பெட்டி பெரியது. கூட வந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு டியூப் ரப்பரை வெட்டிச் சொருகுகிறோம். ரப்பர் நழுவி டெர்மினல் பெட்டித் தகட்டில் உரசினால், லித்தியம் தள்ளுகிற ஷார்ட் கரண்டில் ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும்.

ஊட்டி போகிற வாடிக்கையாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தலைகுந்தாவில் உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் முதல் அடிக்கு செல்ஃப் மூக்கால் அழும். பேட்டரி போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாவியைப் போட்டு இண்டிகேட்டரையும் விளக்கையும் ஒரு நிமிடம் எரியவிட்டால் செல் உள்ளுக்குள் சூடேறும், அடுத்த அடிக்கு எடுக்கும். ஆனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால், லாட்ஜ் அறையில் எடுத்துவைத்து பேட்டரியின் குளிர் விட்ட பிறகே சார்ஜர் போடச் சொல்லுங்கள். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும்.

பழைய லித்தியத்துக்கு ஈயம் மாதிரி எடைக்காசு கிடையாது. அதனால் அது கடை மூலையில் கிடக்கிறது, இல்லாவிட்டால் ஈய மூட்டைக்குள் கலந்து உருக்குகிற இடத்துக்குப் போகிறது. அங்கே அது வெடித்தால் அடிபடுவது நம்மைப் போன்ற இன்னொரு வேலைக்காரர். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பு தயாரித்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் உண்டு. உங்களுக்குச் சரக்கு தருகிற டீலரிடம் அதைக் கேளுங்கள். முதல் தடவை சிரிப்பார்.

இப்போதெல்லாம் நான் பில்லின் கீழே ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன்: "ஐடில் 13.6, திருகினால் 14.2." ஆரம்பத்தில் இது என்ன புதுசாக என்று கேட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒருவர் அந்த பில்லை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே நின்று பார்த்தார். மீட்டர் 14.9 காட்டியது. அன்றைக்கு ரெக்டிஃபையர் மட்டும் மாற்றினோம்.