ஐம்பது ஓட்டத்தை ஒளித்து வைத்தவர்களுக்கு

திருகோணமலைக் கடைத்தெருத் தேத்தண்ணிக்கடை வாங்கில் என்னோடு கிரிக்கெட் மெச் பார்க்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நடக்கத் தொடங்கிவிட்டேன். கைத்தடியோடுதான். வாங்கில் என் மூலையைப் பிடித்து வைத்திருக்கிறவர் இனி எழும்பலாம். இதை எழுத்தில் தருவதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் சொல்லப் போனால் நன்றியில் தொடங்கி அரவிந்தவின் கவர் ட்ரைவில் போய் நிற்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்காக: 2023 செப்டெம்பர் 14, ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானோடு இலங்கையின் ஆட்டம். மழையால் 42 ஓவர். கடைசி இரண்டு பந்தில் ஆறு ஓட்டம் வேண்டும். அசலங்க ஒரு நாலு, பிறகு ஓடி இரண்டு. முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. கத்தின கத்தில் தொண்டை அடைத்துப்போய், அந்தச் சந்தோசத்தில் சைக்கிளை மிதித்து வந்தேன். கோட்டை வாசலடியில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. மானுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் தொடை எலும்பு.

அந்த இருட்டில் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றிய பிள்ளைகளே, உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒருமுறை கடைக்கு வாங்கோ, பிளேன்டீ என் கணக்கில். விடியமுன்னம் கிண்ணியாவில் இருந்து வந்து இரத்தம் கொடுத்த நானாவுக்கும், வாட்டில் இரவு முழுக்க முறை வைத்துக் கண்விழித்தவர்களுக்கும், கடன் கொப்பியில் என் பக்கத்தைக் கிழித்துப் போட்ட கடை முதலாளிக்கும் நன்றி. நீல மூடி பிளாஸ்க் ஒன்று என் வீட்டில் கிடக்கிறது. யாருடையது?

அடுத்த ஞாயிறு, 17ஆம் திகதி, இந்தியாவோடு இறுதியாட்டம். என் போனை மருமகள் வாங்கி வைத்துவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதை: “மழை அண்ணை, மெச் நடக்கேல்ல.” நம்பினேன். கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அந்த நேரத்து மழையை யார்தான் சந்தேகப்படுவார்? மூன்றாம் நாள் பிரஷர் பார்க்க வந்த மிஸ்ஸிதான் உடைத்தார். “ஐயா, 50 ரன்னுக்கு எல்லாரும் அவுட்டாமே?” அன்றைக்கு எடுத்த பிரஷர் கணக்கை டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னார்.

சரி, இனித்தான் இந்த மடலின் ஆள்.

1996 மார்ச் 17, லாகூர் இறுதியாட்டம் தொடங்கி, ரேடியோவிலோ ரீவியிலோ கிடைத்த இலங்கை ஆட்டம் எதையும் விடாமல் சீ.ஆர். கொப்பியில் பந்துக்குப் பந்து எழுதி வருகிறேன். இந்த ஆட்டம் விடுபட்டுப் போச்சு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் பக்கம் நிரம்பியிருக்கிறது. எழுத்து, நம் உவர்மலைத் தம்பியுடையது.

அவருக்கு இந்தியா என்றால் உயிர். 2011இல் மஹேல 103 அடித்தும் மும்பையில் நாங்கள் தோற்ற இரவு கடை முழுக்க லட்டு பங்கிட்டார், நான் வாங்கவில்லை. 2014இல் சங்கக்கார 52 அடித்து டாக்காவில் இந்தியாவை வென்றபோது நான் பங்கிட்டேன், அவர் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர், தன் ஆட்கள் அடித்து நொறுக்கிய நாளில், என் கொப்பியை முழங்காலில் வைத்து எங்கள் மானம் போனதை வரி பிசகாமல் எழுதியிருக்கிறார்.

நாலாவது ஓவர், இந்தியாவின் சிராஜ் பந்துவீச்சு: விக்கெட், புள்ளி (ஓட்டமில்லை), விக்கெட், விக்கெட், நாலு, விக்கெட். பிறகு 12 ஓட்டத்துக்கு 6 விக்கெட். பிறகு 15.2 ஓவரில் 50. இந்தியா 6.1 ஓவரில் 51. அடிமட்டம் வைத்து ஒரு கோடு. நக்கல் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. பக்கத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். அந்த நாலாவது ஓவரில் மட்டும் பேனை அழுத்தின அழுத்தம் மறுபக்கத்தில் புடைத்து நிற்கிறது. தன் சந்தோசத்தை அங்கே மட்டும்தான் காட்டியிருக்கிறார், கள்ளன்.

தம்பி, நீங்களும் சேர்ந்துதானே என்னிடம் மழை என்று சொன்னீர்கள்? அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்கு வருகிறேன். வரும்போது அந்த 2011 லட்டைக் கொண்டு வாங்கோ. பாதி போதும், எனக்குச் சீனி கூட.

அன்புடன்,
வாங்கு மூலைக்காரன்