ஜூ லியான் ஐயாவுக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் பற்றி

வணக்கம் ஐயா.

1904-இல் மறைந்துவிட்ட சீன ஓவியரான உங்களுக்கு இது வந்து சேராது. இருந்தாலும் நான் வரைந்த இலை கெட்டுப்போனதை வேறு யாரிடம் சொல்வது?

வட்டமான பட்டு விசிறிகளில் நீங்கள் வரைந்த ஓவியங்களின் படங்களைப் பார்த்துவிட்டு, போன வாரம் நானும் வரைய உட்கார்ந்தேன். பச்சையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் தூரிகை நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாள் அப்படியே குடித்துவிட்டது. பாசி பிடித்த சுவர் மாதிரி ஒரு திட்டுதான் மிச்சம்.

அப்புறம்தான் பட்டின் சங்கதி தெரிந்தது. படிகாரமும் வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையும் கரைத்த நீரை முதலில் பூசிக் காயவைத்த பட்டு அது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, நிறத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது. காய்ந்த பிறகு நடுவில் வெளிச்சம், விளிம்பில் கருத்த கோடு. காபி டம்ளர் மேசையில் விட்டுப்போகும் வளையம் போல. வெயில் படும் பக்கமாகப் பார்த்துச் சொட்டு விடுவீர்களாம். பூவிதழ் என்றால் வெள்ளைப் பொடி கலந்த நீர். நீங்களும், உங்களுக்குப் படம் சொல்லிக்கொடுத்த ஒன்றுவிட்ட அண்ணன் ஜூ சாவ் என்பவரும் பழகிப் பழகிக் கைக்குக் கொண்டுவந்த வித்தை.

இலையைத் தண்ணீர் போன போக்கில் விட்ட நீங்கள் பூச்சியை மட்டும் அப்படி விடவில்லை. வெட்டுக்கிளியின் பின்னங்காலில் முள்ளை எண்ணலாம். பூச்சியை ஊசியில் குத்தியோ கண்ணாடிப் பெட்டியில் விட்டோ பார்த்து வரைவீர்கள் என்று உங்கள் மாணவர் காவ் ஜியான்ஃபூ சொல்லியிருக்கிறார். அந்த ஊசி எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தென் சீனாவின் குவாங்சோ நகரில் நீங்கள் குடியிருந்த இடத்துக்குப் பத்து வாசனைத் தோட்டம் என்று பெயர். அந்தப் பத்தில் மல்லிகையும் மனோரஞ்சிதமும் உண்டு என்று படித்ததும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடிவிட்டேன். மனோரஞ்சிதம் இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்க் கிளையை விலக்க வேண்டும். அப்படி விலக்கும்போதுதான் இலைக்கடியில் இருக்கும் பூச்சியும் கண்ணில் பட்டிருக்குமோ?

சரி, படிகாரம் வாங்கிவிட்டேன். வஜ்ஜிரத்துக்குத்தான் அலைகிறேன். எங்கள் தெருத் தச்சரைக் கேட்டால், "அதெல்லாம் எங்க அப்பா காலத்தோட சரி" என்று ஃபெவிகால் டப்பாவை எடுத்து நீட்டுகிறார்.