வீட்டு அனுமதியோடு கழிவுநீர்க் கணக்கும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவரம், கொளத்தூர், மணலி, திருவொற்றியூர் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகுவதை வடசென்னை வளர்கிறது என்பதற்கு அடையாளமாக எல்லோரும் பேசுகிறோம். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத் திட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்திலிருந்து தொடங்குவதால், நேற்றுவரை முள்செடி வளர்ந்து கிடந்த மனைகளுக்கும் இன்று விலை கூடிவிட்டது. எங்கள் பகுதிக்கு வீடுகள் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த வீடுகளின் கழிவுநீர் எங்கே போகிறது, அதில் கரைந்து நீர்நிலைகளில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட் என்ற சத்தை யார் நீக்குகிறார்கள் என்பதை வீடு விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

நானும் கேட்காமல் வாங்கியவன்தான். நாங்கள் குடியிருக்கும் வளாகத்தின் அடித்தளத்தில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. குடியேறிய இரண்டாம் ஆண்டில், மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று இரவு நேரத்தில் அதன் புளோயரை (தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரத்தை) நிறுத்திவைக்க எங்கள் நலச்சங்கம் முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். காற்று கிடைக்காமல், தொட்டியில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் செத்தன. பழுப்பு நிறத்தில் சுழன்றுகொண்டிருந்த நீர் கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் மாடிப்படி வழியே மூன்றாம் தளம்வரை ஏறியது. பிறகு நான்கு மாதம் கழிவுநீர் லாரி வைத்துத்தான் காலம் தள்ளினோம். அந்த லாரிகள் எங்கே கொண்டுபோய்க் கொட்டின என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. நிலையத்தைச் சீர்செய்த பின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. ஆனால் அந்தத் தாளில் பாஸ்பேட்டுக்கென்று ஒரு வரிசையே இல்லை.

இல்லாததற்குக் காரணம் உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் அமிலத்தன்மை, உயிரிய ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமிகள் ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கிறது, பாஸ்பேட்டில் உள்ள தனிமமான பாஸ்பரஸுக்கு இல்லை. சட்டம் கேட்காத ஒன்றை எந்தக் கட்டுநரும் தாமாக முன்வந்து செய்துதர மாட்டார்.

ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் சோப்பும் தருவதை இதோடு தனியாகக் கூட்ட வேண்டும். வீட்டுக்கு நான்கு பேர் என்று 200 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தை எடுத்துக்கொண்டால், மனிதக் கழிவிலிருந்து மட்டும் நாளுக்கு 1.2 கிலோ, ஆண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் வருகிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு இதில் ஒரு பகுதியை மட்டுமே பிடித்துவைக்கும்; மீதி, கண்ணாடிபோல் தெளிந்து தெரியும் நீரிலும் கரைந்தே வெளியேறும். (கால்வாயில் பொங்கும் வெள்ளை நுரையைப் படமெடுத்து இதுதான் பாஸ்பேட் என்று சிலர் காட்டுகிறார்கள். நுரையைக் கிளப்புவது சோப்பிலுள்ள வேறு பொருள். பாஸ்பேட்டுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. அதனால்தான் அது யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது.)

அது ஆற்றில் செய்யும் வேலை நன்றாகவே தெரிந்த ஒன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-இல் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பாசி பிடித்துப் பச்சையானது. மற்றது தெளிவாகவே இருந்தது. வயலில் நெல்லுக்கு டிஏபி எப்படியோ, நீரில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் பாஸ்பேட் அப்படி. பாசி இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. செத்து அழுகும்போது மிச்சத்தையும் தீர்த்துவிடுகிறது. மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதப்பது இதனால்தான்.

வடசென்னையின் கழிவுநீரில் பெரும்பங்கு பக்கிங்காம் கால்வாய் வழியாகவோ கொசஸ்தலையாறு வழியாகவோ கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வந்துசேர்கிறது. அங்கே காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பத்து மக்கள் ஆற்றில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அனல்மின் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய்ப் படலத்தையும் தாங்கிய அந்தத் தண்ணீருக்கு, நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் ஒரு சுமை போகிறது. ஆலைகளைக் குற்றம் சொல்லும்போது இதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரி, கால்வாய்களில் ஆண்டுதோறும் மிதவை இயந்திரம் விட்டு ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். அது அங்கேயே அழுகினால், உறிஞ்சிவைத்திருந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி அடுத்த மழையில் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வீட்டுவசதிக்கு என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் பார்க்கலாம். அங்கே ஹெரஃபோர்டுஷயரில் வை ஆறும் அதன் துணையாறான லக்கும் பாஸ்பேட் மிகுந்து கெட்டன. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஏற்கெனவே கெட்டிருக்கையில் அதற்கு மேலும் சுமை ஏற்ற அனுமதிக்கலாகாது என்ற ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பைத் தொடர்ந்து, 2019-இல் லக் ஆற்றுப் படுகையில் புதிய வீடுகளுக்கான அனுமதி நின்றுபோனது. 2022-க்குள் இப்படிப்பட்ட கட்டுப்பாடு எழுபதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்குப் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடங்கியதாகக் கட்டுமானத் துறையினர் கணக்குச் சொன்னார்கள். இத்தனைக்கும் வை ஆற்றின் பாஸ்பேட்டில் பெரும்பங்கு கோழிப்பண்ணை எருவாலும் வேளாண்மையாலும் வந்தது. எருவோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தம் பிள்ளைக்கு ஒரு சிறு வீடு கட்ட நினைத்தவரும் காத்திருக்க நேர்ந்தது. பிறகு உள்ளாட்சி மன்றமே செயற்கைச் சதுப்புநிலம் அமைத்து, அது நீக்கும் பாஸ்பேட் அளவுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டிக்கொள்ளும் உரிமையை (கிரெடிட்) கட்டுநர்களுக்கு விற்று, தேங்கிய அனுமதிகளை மெல்ல விடுவித்தது.

எனக்கு அந்தத் தடையின் மீது மரியாதை உண்டு. ஆற்றுக்காக ஒரு நாடு கட்டுமானத்தையே நிறுத்திப் பார்த்தது சிறிய செய்தி அல்ல. ஆனால் ஆறு கெட்ட பின்பு போடும் தடை, கெடுத்தவரை விட்டுவிட்டுக் கடைசியாக வந்தவரின் தலையில் விழுகிறது. இங்கும் ஒருநாள் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ அப்படி உத்தரவிட்டால், கட்டுநர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் பாதி கட்டிய வீட்டுக்கு வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டப்போவது எங்களைப்போன்ற மாதச் சம்பளக்காரர்கள்தான்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. கலங்கிய குடத்து நீரில் நம் பாட்டிமார் கலக்கிய அதே படிகாரம் பாஸ்பேட்டையும் வண்டலாகப் படியவைக்கும். பெரிய நிலையங்களில் படிகாரமோ பெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்போ கலந்து இதைச் செய்யலாம். கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அனுப்பும் திறனோடு ஒரு நிலையம் இயங்குகிறது. இவ்வளவு தெரிந்த ஊரில் பாஸ்பேட்டைப் பிரித்தெடுப்பது முடியாத வேலை ஆகாது. படிந்த வண்டலில் கன உலோகங்கள் இல்லை என்று சோதித்துறுதிசெய்தால், திருவள்ளூர் மாவட்ட வயல்களுக்கு அது உரமாகவும் ஆகலாம். பாஸ்பேட் பாறையை நம் நாடு பெருமளவில் இறக்குமதிதான் செய்கிறது.

சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்ததற்கான பணிகளைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் செய்துவருகிறது. எந்தப் பகுதியில் எத்தனை தளம் என்று வரையறுக்கும்போதே, அப்பகுதியின் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இன்னும் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்பதையும் அதில் எழுத வேண்டும். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்பதால், எங்கள் தெருக்களில் எழும்பும் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்கே ஆளாவதில்லை. அவற்றின் கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்து வட்டார அளவில் பாஸ்பேட் நீக்க ஏற்பாடு செய்து, அதற்கான செலவைக் கட்டட அனுமதிக் கட்டணத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வளாகமும் தனித்தனியே புளோயரை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருப்பதைவிட இது மேல் என்று, நிறுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. வீட்டு விளம்பரங்களில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணுக்கு அடுத்த வரியில், இந்த வீட்டின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்பதையும் அச்சிட வைக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாதவரம், சென்னை.