நிலுவை வைக்கும் வாடிக்கையாளர்கள் பற்றி மகளுக்கு

யாழ்ப்பாணம்

அன்பின் மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் பொதிப் பெட்டிகளை வாங்கும் விடுதிகளிலும் கடைகளிலும் மூன்று இடத்தார் ஒவ்வொரு முறையும் தவணை தாண்டியே பணம் தருகிறார்கள் என்றும், இறுக்கிக் கேட்டால் வேறு இடம் போய்விடுவார்களோ என்ற பயத்தில் நீ பேசாமல் இருக்கிறாய் என்றும் அம்மா சொன்னார். இதைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

கடன் கொடுக்காமல் மொத்த வியாபாரம் நடக்காது. கஸ்தூரியார் வீதியில் என்னிடம் சீமெந்தும் கம்பியும் எடுக்கும் ஒப்பந்தகாரர் பலருக்கு, திணைக்களத்திலிருந்து அவர்களுடைய பில் காசு வந்தால்தான் என் காசைத் தர முடியும். அது தெரிந்த தாமதம். விலை பேசும்போதே அதையும் கணக்கில் எடுத்துவிடுகிறேன். கையில் காசு இருந்தும் பிந்துபவர் வேறு வகை. மாதக் கடைசியில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று அவரிடம் ஒரு வரிசை இருக்கும். விடாமல் கேட்பவர் அதில் முன்னுக்கும், கேட்கக் கூச்சப்படுபவர் பின்னுக்கும் நிற்பார். உன்னை இப்போது பின்னுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

முதலில், பில் எங்கே நிற்கிறது என்று பார். பெரிய விடுதிகளில் முதலாளியிடம் கேட்டுப் பயனில்லை. கணக்குப் பிரிவில் உள்ளவரின் பெயரை அறிந்து, தவணைக்கு ஒரு கிழமை முன்னரே அழைத்து, பில் கிடைத்ததா, கட்டளை இலக்கம் சரியாக இருக்கிறதா, களஞ்சியத்தில் சரக்குப் பெற்றதற்கான சீட்டு அதனுடன் இணைந்திருக்கிறதா என்று மரியாதையாகக் கேள். காசோலை எழுத அவர்களுக்கு மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருக்கும். அந்த நாளைத் தவறவிட்ட பில் அடுத்த மாதம் வரை கோப்பில் கிடக்கும். ஆகவே சரக்கு இறங்கும் அன்றே பில்லும் போய்ச் சேரட்டும்.

பெறுமதி சேர் வரிக்குப் பதிந்திருப்பதால் உனக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் நீ அதைக் கட்ட வேண்டும். அவர்கள் பிந்தும் ஒவ்வொரு மாதமும் அவர்களுடைய வரியையும் நீயே சுமக்கிறாய். கேட்பதற்கு ஏன் கூச்சம், மகள்?

இனி நான் சொல்வதைக் கட்டாயம் கவனி. நம் நாட்டில் காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த சரக்கின் கடனுக்கு, அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம் உண்டு. முகம் முறியக் கூடாதென்று ஒரு வருடம் பொறுத்திருந்தால், கேட்கும் உரிமையே கையை விட்டுப் போய்விடும். கடனை ஒப்புக்கொண்டு அவர்கள் எழுத்தில் கையெழுத்திட்டால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலுவையை எழுதி அனுப்பி, சரி என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள். பிற்திகதியிட்ட காசோலை தந்தால் வாங்கு, ஆனால் மேசை லாச்சியில் மறந்துவிடாதே. திகதி கடந்து ஆறு மாதமானால் வங்கி அதை ஏற்காது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் தெரிந்து வைத்திரு.

என்னிடம் பல வருடம் சாமான் எடுத்த ஒருவருடைய பேரேட்டுப் பக்கத்தை ஒருநாள் ஆறுதலாக இருந்து பார்த்தேன். அவர் கட்டிய தொகைகள் எல்லாம் அடுத்த லொறி கேட்பதற்கு முதல்நாள் விழுந்திருந்தன. அதுவும் நிலுவையில் பாதி மாத்திரம். பழைய பில் முடிந்தால்தான் புதிய சாமான் இறங்கும் என்றும், ஒரு மாதக் கொள்வனவுக்கு மேல் நிலுவை ஏறக் கூடாது என்றும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு போனவர் சாமான் எடுக்கத் திரும்பி வரவில்லை. அவரிடம் முடங்கிக் கிடந்த பணம் கைக்கு வந்ததும், கொழும்பு மொத்தக்காரரிடம் உடன்காசுக்கு எடுத்து விலைக்கழிவும் பெற்றேன். அவருடைய வியாபாரத்தில் எனக்கு மிஞ்சியதைவிட அது அதிகம்.

மூன்று பேரையும் ஒரே மாதிரி நடத்தாதே. வெள்ளவத்தைக் கடைக்காரர் சிறியவர், ஆள் நாணயமானவர். தவணை பிரித்துக் கொடு. மற்ற இரண்டு விடுதிகளுக்கும் இந்தக் கிழமையே நிலுவைக் கடிதம் போகட்டும். மிகப் பழைய பில்லுக்கு ஒரு வருடம் எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்னரே சட்டத்தரணியைச் சந்தி. கடிதத்தை எழுதியதும் அனுப்புமுன் எனக்குக் காட்டு. திகதிகளையும் தொகைகளையும் நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

இங்ஙனம்,
அன்புள்ள அப்பா