கையெழுத்துக் கணக்கை விடுங்கள்

நன்னடத்தைக் கண்காணிப்புத் துறைகளை நடத்துவோருக்கு,

வணக்கம். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு வெளியே விட்டவர்களில் இந்த மாதம் எத்தனை பேர் வந்து கையெழுத்திட்டார்கள் என்றுதான் உங்கள் ஆய்வுக் கூட்டங்கள் கேட்கின்றன. அந்த எண்ணைக் கூட்டினால் மறுகுற்றம் குறைந்துவிடாது. அமெரிக்காவில் 14 இடங்களில் அடிக்கடி சந்தித்துச் சோதிக்கும் தீவிரக் கண்காணிப்பை ஆராய்ந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை (1993) இதைக் காட்டிவிட்டது. ஓராண்டுக்குள் மீண்டும் கைதானோர் தீவிரக் கண்காணிப்பில் 37 சதவீதம், வழக்கமான கண்காணிப்பில் 33. நிபந்தனை மீறியோரோ தீவிரக் கண்காணிப்பில் 65 சதவீதம், வழக்கமானதில் 38. நெருங்கிப் பார்த்ததால் மீறல்கள் கண்ணில் பட்டன, அவ்வளவுதான்.

முதலில் ஆட்களைப் பிரியுங்கள். அலுவலரின் அனுபவக் கணிப்பு மட்டும் போதாது. பழைய வழக்குகள், சகவாசம், போதை, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் கேட்கும் மதிப்பீட்டுப் படிவம் வேண்டும். மறுகுற்ற வாய்ப்புக் குறைந்தவரை வாராவாரம் வரவழைத்தால் அவர் வேலை போகும். காத்திருக்கும் பெஞ்சிலேயே புதுச் சகவாசமும் கிடைக்கும். அவருக்குத் தொலைபேசி போதும். ஓர் அலுவலருக்குத் தீவிரப் பிரிவில் 20 பேர், அடுத்த பிரிவில் 50, குறைந்த வாய்ப்புள்ளோர் 200 என்பது அமெரிக்க நன்னடத்தை, பரோல் சங்கத்தின் பரிந்துரை. எல்லோரையும் சமமாகப் பங்கிட்டால் யாருக்கும் நேரம் மிஞ்சாது.

மிச்சமான நேரத்தில் என்ன பேசுவது? கனடாவின் மனிடோபாவில், நிபந்தனைகளைப் பற்றியே 15 நிமிடத்துக்கு மேல் பேசப்பட்டவர்களிடம் மறுகுற்றம் அதிகமாக இருந்தது. நிபந்தனையைச் சட்டென்று முடியுங்கள். பிறகு, கடந்த முறை கொடுத்த பயிற்சி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். "முறைச்சான், அடிச்சேன்" என்கிறாரா? முறைத்ததற்கும் அடித்ததற்கும் நடுவில் மனதில் ஓடியது என்ன என்று தாளில் எழுத வையுங்கள். "விட்டா இளப்பமா நினைப்பான்" என்று வரும். அதற்கு மாற்றாக என்ன நினைக்கலாம் என்று அவரே சொல்லட்டும். அதை நடித்துப் பார்த்து, அடுத்த சந்திப்புவரை செய்து பார்க்க ஒரு வேலை கொடுங்கள். அறிவுரை வேண்டாம். ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்.

நிபந்தனை மீறலுக்கான நடவடிக்கை சிறியதாக, உடனே, தவறாமல் வர வேண்டும். ஐந்து மீறல்களைக் கண்டும் காணாமல் விட்டு, ஆறாவதில் சிறைக்கு அனுப்பினால் அதை அவர் அதிகாரியின் மனநிலை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒழுங்காக இருப்பவருக்குச் சந்திப்பைக் குறையுங்கள், காலத்தை முன்கூட்டியே முடித்துக் கொடுங்கள். அபராதக் கெடு, வேலை நேரத்திலேயே ஆஜர், தூரத்து வகுப்பு என எல்லாவற்றையும் ஒருவர்மேல் ஏற்றினால் மீறல் நிச்சயம்.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் அலுவலர்கள் சில மாதங்களில் பழைய பாணிக்கே திரும்பிவிடுவார்கள். மாதம் ஒரு சந்திப்பை, உரியவரின் சம்மதத்தோடு, ஒலிப்பதிவு செய்து மேற்பார்வையாளர் கேட்டுக் குறிப்பெழுதட்டும். உங்கள் ஆய்வுக் கூட்டத்தில் கையெழுத்துக் கணக்கு இருக்கும் இடத்தில் அந்தக் குறிப்புகளை வையுங்கள்.

இப்படிக்கு,
கண்காணிப்புப் பணியில் இருப்போர்