நூலகத்திலும் சுகாதாரத் துவாய் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கொட்லாந்தில் மாதவிடாய்க்கான சுகாதாரத் துவாய்களை இலவசமாகக் கிடைக்கச் செய்வது 2022 ஆகஸ்ட் முதல் உள்ளூராட்சி மன்றங்களின் சட்டக் கடமை. அங்கே பல நூலகங்களில் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் மலையக நகரங்களிலுள்ள பொது நூலகங்களும் நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பில்தானே இருக்கின்றன?

வசதி குறைந்த மாணவிகளுக்கு நம் அரசாங்கம் துவாய் வாங்க வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது நல்லது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பெண்ணும் கொழுந்து பறிக்கும் தாயும் அந்தக் கணக்கில் இல்லை. தோட்ட லயத்திலிருந்து பஸ் ஏறி வந்து மாலைவரை நூலகத்தில் படிப்பவளுக்குத் திடீரென்று தேவைப்பட்டால் கடைக்குத்தான் போக வேண்டும்; அங்கே பழைய பத்திரிகையில் சுற்றித்தான் தருகிறார்கள் (உங்கள் பத்திரிகையாகவும் இருக்கலாம்!).

கழிவறைக்குள் ஒரு பெட்டி போதும். நூலகர் மேசையில் பெயர் எழுதிக் கொடுக்கும் முறை மட்டும் வேண்டாம், ஒருத்தியும் கேட்கமாட்டாள். மூடியுள்ள குப்பைக்கூடையும், குழாயில் தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாசகி,
ஹட்டன்