கூரைக்கு எறிய ஒரு பல்

ஸ்காபரோ, கனடா
4.11.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். சந்தியடி மாமி கொண்டுவந்த கடிதமும் பார்சலும் கிடைத்தன. "கனடாவில் பேனைக்குப் பஞ்சமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் அப்பா. பஞ்சமில்லை. அம்மாவோடு போனில் கதைக்கிறதை எல்லாம் அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார் என்ற நினைப்பில் இருந்தேன். அவரோ உங்களுக்குக் கேளாத காதுப் பக்கமாய் நின்று சொல்லியிருக்கிறார் போல. காது மெசினைப் போட்டால் காகம் கரைவது மட்டும்தான் கேட்கிறதென்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களாமே! அண்ணா லண்டனிலிருந்து வாங்கி அனுப்பினது அது. காகத்தையாவது கேளுங்கள்.

மாமியின் மருமகன் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் பறக்கிறார். அவரிடம் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், இவர் நித்திரை. நேற்று இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அரசாங்கம் சொன்னால் மணிக்கூடு கேட்கும், சின்னவன் கேட்பானா? இன்றைக்கு ஐந்து மணிக்கே எழும்பி நின்று பள்ளிக்கூடம் பூட்டிப்போட்டுப் போயிருப்பார்கள் என்று ஒரே அழுகை. இனிமேல் உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே இரவு எட்டு மணிக்கு எடுத்தால் அங்கே விடிய ஆறரை. அம்மா கோயிலுக்குப் போக முன்னம் பிடிக்கலாம்.

பார்சலில் வந்த புழுக்கொடியலால் வீட்டில் ஒரு பெரிய புதினம் நடந்தது. பெரியவனுக்கு நவராத்திரியிலிருந்து முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தொடவும் விடமாட்டான், அப்பிள் கடிக்கவும் மாட்டான். புழுக்கொடியலைக் கண்டதும் எல்லாம் மறந்துபோய் ஒரு கடி. பல் அதிலேயே நின்றுவிட்டது. இரத்தத்தைக் கண்டு அவன் அழ, தனக்கு ஒரு பல்லும் விழவில்லை என்று சின்னவன் அழ, இரண்டு பேரையும் பார்த்து இவர் சிரிக்க, நல்ல கூத்து.

இங்கே பல் விழுந்தால் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுப்பார்கள். இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகுமாம். அவனுடைய வகுப்பில் ஒரு பெடியனுக்கு ஐந்து டொலர் கிடைத்திருக்கிறது. எங்களூரில் பல்லைக் கூரையில் எறிந்தால் அணில் எடுத்துக்கொண்டு தன் பல்லைத் தரும் என்று நான் சொன்னேன். இவன் யோசித்துப்போட்டு, "அணில் காசு தராதா?" என்று கேட்டான். பிறகு தேவதையிடம் காசும் அணிலிடம் பல்லும் வாங்குவதென்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டான். உங்கள் பேரன்தான். நான் இரண்டு டொலர்க் குற்றியை வைத்தேன், பல்லை எடுக்கவில்லை. காலையில் எழும்பி, "தேவதை பல்லை மறந்துவிட்டுப் போய்விட்டது, இன்றைக்கும் வருமோ?" என்று கேட்கிறான்.

எறிவதற்குத்தான் வழியில்லை. நாங்கள் இருப்பது பேஸ்மென்ட். கூரை மேல்வீட்டுக்காரருக்கு உரியது, அவர்களுக்குச் சத்தம் என்றால் ஆகாது. இங்கத்தைய அணிலும் வேறு. கறுப்பாய், பூனைக்குட்டி அளவில், முதுகில் ஒரு கோடும் இல்லாமல் இருக்கும். இராமர் இந்தப் பக்கம் வரவில்லை. இப்படிப்பட்ட அணிலின் பல் தனக்கு வேண்டாமாம். அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொலித்தீன் பை வருகிறது. அம்மா, குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தாத்தாதான் எறிய வேண்டுமாம். குசினிக் கூரை வேண்டாம், பெரிய வீட்டு ஓட்டுக்கு மேலே போடுங்கள். எறிந்ததை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையும் மறக்காமல் எழுத வேண்டும் என்று இரவு சொல்லிவிட்டுத்தான் படுத்தான்.

அப்பா, பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவரைப் பற்றி அம்மா சொல்லியிருப்பார். கலாப்ரியா என்ற பக்கத்துக்காரர். புரட்டாதியில் பெட்டி பெட்டியாய்த் தக்காளி இறக்கிக் கார்க் கொட்டிலுக்குள் வைத்துக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பார். பிறகு முந்திரிகைப் பழம் வரும், அதிலே வைன். அந்த மணம் எங்கள் யன்னலால் உள்ளே வரும். இப்போது அவர் செய்த வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு அத்திமரம் நிற்கிறது, ஊரிலிருந்து தடி கொண்டுவந்து வைத்ததாம். இந்தக் குளிருக்கு அது தாங்காது. அதனால் ஒவ்வொரு வருசமும் மாரி தொடங்க முன்னம் மரத்தைப் புதைக்கிறார்! பகிடி இல்லை. கொப்புகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு, நீளமாய்க் கிடங்கு வெட்டி, மரத்தை அப்படியே சரித்துப் படுக்க வைத்து, மேலே பலகை, பழைய கம்பளம், மண், சருகு எல்லாம் போட்டு மூடிவிட்டார். பனி போனதும் சித்திரையில் கிளப்பி நிமிர்த்துவாராம், கோடையில் காய்க்குமாம். காய்க்கிறதுதான், ஆவணியில் எங்களுக்கும் ஒரு பேணி நிறையத் தந்தார்.

பெரியவன் கயிறு பிடித்தான். இழு, விடு என்று அவர் இத்தாலி மொழியில் கத்தினதெல்லாம் அவனுக்கு விளங்கியது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. சின்னவன், மரம் செத்துப்போச்சு என்று தேம்பி அழுதான். "இல்லையடா, நித்திரை" என்றேன். இப்போது தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அந்த இடத்தைத் தாண்டுகையில் வாயில் விரல் வைத்து எங்களையும் கதைக்க வேண்டாம் என்கிறான். நீங்கள் இங்கே இருந்தால் அந்தக் கிழவரோடு நிச்சயம் சண்டை பிடித்திருப்பீர்கள், வேரை வெட்டின விதம் பிழை என்று. அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் சேர்ந்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனாலும் பகலில் நான் கதைக்கிற ஆள் என்றால் அவர்தான். மற்றபடி பொழுது போவதே தெரியவில்லை, வேலை அவ்வளவு.

இந்தமுறை தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஹலோவீன் என்றால் பிள்ளைகள் வேசம் போட்டு வீடு வீடாய்ப் போய் இனிப்பு வாங்குவது. வேசத்துக்குக் கடையில் கேட்கிற விலையைப் பார்த்தால் அவர்கள்தான் பேய். அம்மா அனுப்பின பட்டு வேட்டி சட்டையைச் சின்னவனுக்கு உடுத்தி, மட்டை வெட்டி வேலும் முடியும் செய்து வெள்ளித்தாள் ஒட்டி முருகனாக்கிவிட்டேன். புது உடுப்பும் ஆயிற்று, வேசமும் ஆயிற்று. அன்றைக்கென்று பார்த்துக் குளிரும் இல்லை, மேலே ஜக்கெட் போட்டு முருகனை மூடத் தேவையில்லாமல் போனது. பெரியவன் விண்வெளிக்காரன், மிச்ச வெள்ளித்தாள் அவனுக்கு. இத்தாலித் தாத்தா மட்டும் இனிப்புக் கொடுக்காமல் ஆளுக்கொரு பிடி அக்ரூட் கொட்டை கொடுத்தார். முருகன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சொக்லெட் கேட்டார்.

ஹலோவீனுக்கு வாசலில் வைக்கப் பூசணிக்காய் மலைமலையாய் விற்பார்கள். அடுத்த நாள் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஒரு டொலருக்குக் கிடைக்கும். நான் நாலு தூக்கி வந்தேன். கொஞ்சம் தண்ணிப் பிடிப்புத்தான், எங்கள் பூசணிக்காயின் ருசி இல்லை. ஆனாலும் பால்கறி, வறை, குழம்பு என்று மாற்றி மாற்றிச் சமைக்கலாம். பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். உடம்புக்கும் நல்லதுதானே.

இவருக்குத் தொழிற்சாலையில் மணித்தியாலம் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும்தான், யோசிக்க ஒன்றுமில்லை. இரவில் காரில் கடைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் செய்கிறார். கார் ஓடாமல் நின்றால் பற்றரி பழுதாய்ப் போகுமாம், அதற்காகத்தான் ஓடுகிறேன் என்கிறார். பனிக்குப் போடுகிற முழு உடுப்பைப் பெரியவனுடையதில் சின்னவனுக்கு எடுத்தாயிற்று. பெரியவனுக்கு மாமியின் பேரனுடையது. கிட்டத்தட்டப் புதிது.

அம்மா, படத்தில் என் கையில் அம்மம்மாவின் காப்பைக் காணவில்லை என்று கேட்டீர்களாம். பாத்திரம் கழுவ, பிள்ளைகளைத் தூக்க இடைஞ்சலாய் இருக்கிறதென்று கழற்றிப் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன். தைக்கு முன்னம் எடுத்துவிடுவேன்.

இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. மேல்வீட்டு வளவில் மேப்பிள் மரங்கள் இரண்டு, சருகு முழுவதும் எங்கள் வாசலில்தான். கூட்டிக் கடதாசிப் பையில் கட்டித் தெருவோரம் வைத்தால் நகரசபை எடுத்துப் போகும். நான் கூட்டிக் குவிக்க, பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிவந்து அதற்குள் பாய்வார்கள், திரும்பவும் கூட்டுவேன். சனிக்கிழமை பின்னேரம் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தனியே கூட்டிக்கொண்டு நின்றேன். அம்மா, விடிய நீங்கள் முற்றம் கூட்டுகிற சத்தத்தில்தானே நாங்கள் எழும்புவோம். ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் செம்மண்ணில் வளைந்து வளைந்து கிடக்கும், அதில் முதல் அடி வைப்பது யார் என்று நானும் அண்ணாவும் அடிபடுவோம். உங்களுக்கு ஒரு நாளும் அலுக்கவில்லையா? அப்படியே வாசற்படியில் குந்திவிட்டேன். கை விறைத்து, சின்னவன் கதவைத் தட்டிக் கூப்பிடும்வரை எழும்ப மனம் வரவில்லை. அண்ணாவுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னால், தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறான். பொய். நெற்றியில் தழும்பு எப்படி வந்ததாம்?

சரி, வீட்டு விசயத்துக்கு வருகிறேன்.

ஓடு மாற்றுகிற காசை ஐப்பசிக்குள் அனுப்புகிறேன் என்று சொன்னதுதான். கொஞ்சம் பிந்தும். இந்த மாரிக்கு மட்டும் சாமியறைக்கு மேலே தறப்பாள் போட்டுச் சமாளியுங்கள். மேசனிடம் தைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், முற்பணம் கொடுக்க வேண்டாம், போனமுறை கொடுத்து அலைந்தது காணும். நீங்கள் ஏணி வைத்து ஏறவே கூடாது. பல் எறிவதற்கும் ஏற வேண்டாம், கீழே நின்று எறிந்தால் போதும்.

கண் ஒப்பரேசனைத் தேர்தல் முடியட்டும் என்று ஏன் தள்ளிப்போடுகிறீர்கள்? தேர்தல் 14ஆம் திகதி, உங்கள் கண்ணுக்கும் அதற்கும் என்ன? ஆஸ்பத்திரியில் தந்த திகதிக்குப் போங்கள். கிணற்றடிப் பெரியப்பாவின் மகனைத் துணைக்குக் கூட்டிப்போங்கள், நான் அவனோடு கதைத்துவிட்டேன். அம்மா கந்தசஷ்டிக்கு இளநீரோடு இருக்கிறார் என்று அறிந்தேன். இது வந்து சேர முன்னம் வியாழக்கிழமை சூரன்போர் முடிந்துவிடும், வெயிலில் நின்றிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், பிரசர்க் குளிசையை விடவும் வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார், அவர் இப்போது சொக்லெட்டோடு இங்கே இருக்கிறார்.

மேற்குப் பக்கத்து வேலியில் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்த வேண்டாம். பழைய காணித் தோம்பும் வரைபடமும் என் பெட்டகத்தின் அடியில் இருக்கின்றன. விதானையாரை வைத்துக் காட்டிக் கதையுங்கள்.

அப்புறம், பனங்காணி. அது நீங்கள் எனக்குச் சீதனமாய்த் தந்தது. சுவிஸ்காரர் ஆறு பரப்பையும் ஒன்றாய்க் கேட்கிறார் என்று எழுதி, என் விருப்பம் என்று விட்டிருக்கிறீர்கள். நான் விற்கமாட்டேன் அப்பா. இந்த வருசமும் அதில் பாத்தி போட்டிருக்கிறீர்கள், அந்தக் கிழங்கை யார் கிண்டுவது? பிள்ளைகள் வந்தால் கால் வைக்க ஒரு நிலம் வேண்டாமா? பெரியவனுக்கு அங்கே எத்தனை பனை நிற்கிறது என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விற்பதென்றாலும் சட்டப்படி இவருடைய கையெழுத்தும் வேண்டும். இவருக்கு நான் இந்தக் கதையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வீணாய் யோசிப்பார்.

ஆனாலும் பரப்புக்கு எவ்வளவு தருவதாகச் சொல்கிறார் என்று ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். விற்பதற்கு இல்லை, விலை தெரிந்திருந்தால் நல்லதுதானே. தரகருக்கு வாய் கொடுக்காமல் நேரே அவரிடமே கேளுங்கள். முழுக் காசையும் ஒரே தடவையில் தருவாரா, எப்போது தருவார் என்றும் கேளுங்கள். அம்மாவிடம் சொல்லி போனில் சொல்ல வேண்டாம், இங்கே ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்கிறோம். நீங்களே கடிதத்தில் எழுதி, மாமியின் மருமகன் மார்கழியில் திரும்பும்போது அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்